மன்னர் இருக்கிறார், ஆள்வதில்லை: முடியாட்சி இன்னும் எதற்கு?

2022 செப்டம்பர் 6ஆம் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள பால்மோரல் மாளிகையில் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் ஊன்றுகோல், 96 வயது எலிசபெத் ராணி புதிய பிரதமர் லிஸ் டிரஸ்ஸுடன் கைகுலுக்குகிறார். இரண்டே நாளில் ராணி இறந்துவிட்டார். டிரஸ் பதவியில் இருந்தது மொத்தமே 49 நாள். அந்தப் படத்தில் நாட்டை ஆளும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், அந்த 49 நாள் பிரதமரிடம்தான். 70 வருஷம் அரியணையில் இருந்தவரால் தன் விருப்பத்துக்கு ஒரு பைசா வரியைக்கூட ஏற்றவோ இறக்கவோ முடியாது.

அப்படியென்றால் அந்த அரியணை எதற்கு? இந்தக் காலத்தில் ஒரு நாட்டுக்கு ராஜா ராணி வேண்டுமா? கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் இதற்குள் போனால் ஜனநாயகம் எப்படி இயங்குகிறது என்பதே பாதி புரிந்துவிடும், அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் இரண்டு நாற்காலிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் அரசாங்கத்தின் தலைவர் உட்காருகிறார். பட்ஜெட், வரி, போலீஸ், பள்ளிக்கூடம், வெளியுறவு எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொன்றில் நாட்டின் தலைவர் உட்காருகிறார். சட்டத்தில் கையெழுத்திடுவது, பிரதமரை நியமிப்பது, வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்பது, தேசிய நாளில் கொடியேற்றுவது போன்றவை அவருடைய வேலை. அமெரிக்காவில் இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள். இந்தியாவில் இரண்டு பேர், பிரதமரும் குடியரசுத் தலைவரும். பிரிட்டனிலும் இரண்டு பேர்தான், பிரதமரும் மன்னரும். செய்கிற வேலையைப் பார்த்தால் இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் பிரிட்டிஷ் மன்னருக்கும் நிறைய ஒற்றுமை உண்டு, இருவருமே அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். வித்தியாசம் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒருவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஐந்து வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், அரசமைப்பை மீறினால் நாடாளுமன்றம் பதவியிலிருந்து நீக்கலாம். இன்னொருவர் ஒரு குறிப்பிட்ட தாய்க்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார்.

இன்று உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நாட்டின் தலைவர் ஒரு மன்னர் அல்லது அரசி. ஆனால் எல்லாம் ஒன்று இல்லை. சவூதி அரேபியாவிலும் புரூணேயிலும் மன்னர் நிஜமாகவே ஆள்கிறார். ஸ்வீடனில் இதற்கு நேர் எதிர், 1974ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வந்த பிறகு பிரதமரை நியமிக்கும் சடங்குகூட மன்னரிடம் இல்லை, நாடாளுமன்றச் சபாநாயகர் பார்த்துக்கொள்கிறார். ஜப்பானில் 1947இலிருந்து பேரரசர் நாட்டின் அடையாளம், அவ்வளவுதான். மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருவராக முறைவைத்து மாமன்னர் ஆகிறார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இந்த மாதிரி மன்னராட்சியைத்தான் அரசமைப்பு முடியாட்சி என்கிறோம். இனி நான் பேசப்போவது அதைப் பற்றி மட்டும்தான், முக்கியமாக பிரிட்டனைப் பற்றி. சவூதி மாதிரி ஆட்சியைப் பற்றி ‘வேண்டுமா வேண்டாமா’ என்று விவாதிக்க என்னிடம் எதுவும் இல்லை, வேண்டாம்.

பிரிட்டன் இந்த நிலைக்கு ஒரே நாளில் வரவில்லை. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள், பதினொரு வருஷம் மன்னரே இல்லாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் இறந்ததும் அவருடைய மகனே அந்தப் பதவிக்கு வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், மன்னரை ஒழித்தவர்களாலேயே வாரிசு முறையை ஒழிக்க முடியவில்லை. 1660இல் மன்னராட்சி திரும்பியது. 1688இல் இன்னொரு மன்னரைத் துரத்திவிட்டு, நாடாளுமன்றம் சொன்ன நிபந்தனைகளை ஏற்றவர்களை அரியணையில் உட்கார வைத்தார்கள். 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் அப்படி வந்ததுதான். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரி போடக் கூடாது, சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, அமைதிக் காலத்தில் சேனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதினார்கள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மெல்ல மெல்லக் கழன்றுபோனதுதான். நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர பிரிட்டிஷ் அரியணை கடைசியாக மறுத்தது 1708இல், ஆன் ராணி காலத்தில். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒப்புதல் என்கிற இந்தச் சங்கதியைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களுக்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனதைப் பார்த்தவர்கள் நாம்.

சரி, முடியாட்சி வேண்டும் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களுடைய வாதத்தில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். நாட்டின் உச்ச நாற்காலியில் எந்தக் கட்சியையும் சேராத ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்த அரசியல்வாதியும் அங்கே ஏற முடியாது. ராணுவம் பிரதமருக்கு உறுதிமொழி எடுப்பதில்லை, மன்னருக்கு எடுக்கிறது. பிரதமர் எவ்வளவு பெரிய வெற்றி பெற்றாலும் வாரம் ஒருமுறை மன்னரைப் போய்ப் பார்த்து விவரம் சொல்ல வேண்டும். மன்னருக்கு உள்ளதாகச் சொல்லப்படும் உரிமைகள் மூன்றுதான்: அரசு அவரிடம் கலந்து பேச வேண்டும், அவர் ஊக்கம் தரலாம், எச்சரிக்கலாம். எலிசபெத் ராணி சர்ச்சில் தொடங்கி டிரஸ் வரை 15 பிரதமர்களைப் பார்த்தவர். அத்தனை நீண்ட நினைவு உள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து தன் முடிவை விளக்க வேண்டியிருப்பது எந்தப் பிரதமருக்கும் நல்லதுதான் என்று சொல்கிறார்கள். இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

இதோடு சேர்த்து நெருக்கடிக் காலக் கதைகளைச் சொல்வார்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்து, தனக்கு வேண்டிய குவிஸ்லிங் என்பவரைப் பிரதமராக்கச் சொன்னது. மன்னர் ஏழாம் ஹாக்கோன் தன் அமைச்சர்களைக் கூட்டி, நீங்கள் இதை ஏற்பதாக இருந்தால் நான் முடியைத் துறக்கிறேன், என்னால் அந்த ஆளை நியமிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அமைச்சரவை அவரோடு நின்றது. அடுத்த நாளே அவர் தங்கியிருந்த ஊரின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன, மன்னர் பனிக்காட்டுக்குள் ஒளிந்து தப்பினார். 1981 பிப்ரவரி 23 அன்று ஸ்பெயினில் ஆயுதம் தாங்கிய காவல் படையினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து உறுப்பினர்களைப் பிடித்துவைத்தார்கள். நள்ளிரவு தாண்டி மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவ உடையில் தொலைக்காட்சியில் தோன்றி, ஜனநாயகத்தின் பக்கம்தான் அரியணை நிற்கிறது என்று அறிவித்த பிறகு அந்தச் சதி சரிந்தது.

கேட்கும்போதே சிலிர்க்கிறது. ஆனால் இதே வரிசையில் இத்தாலியையும் வைத்துப் பார்க்க வேண்டும், முடியாட்சிக்காரர்கள் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. 1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, ராணுவச் சட்டம் அறிவிக்கும் உத்தரவை அன்றைய பிரதமர் தயாராக வைத்திருந்தார். மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்தார், மறுத்ததோடு நிற்காமல் முசோலினியையே கூப்பிட்டு ஆட்சி அமைக்கச் சொன்னார். யூதர்களுக்கு எதிரான 1938ஆம் ஆண்டுச் சட்டங்களிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. 1946 ஜூன் 2 அன்று இத்தாலியர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 54 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளில் மன்னராட்சியை அனுப்பி வைத்தார்கள். ஆக ஹாக்கோன் கிடைத்தது நார்வேயின் அதிர்ஷ்டம், விக்டர் இம்மானுவேல் கிடைத்தது இத்தாலியின் துரதிர்ஷ்டம். இரண்டு பேருமே ராஜ வம்சத்தில் பிறந்தவர்கள்தான், யார் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பிறப்பு சொல்லிவிடாது. ஸ்பெயினின் அந்த வீர மன்னர் கதைகூட நல்லபடியாக முடியவில்லை. பொருளாதார நெருக்கடியில் நாடு தவித்த 2012இல் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போய் மாட்டிக்கொண்டார், 2014இல் முடியைத் துறந்தார், பணவிவகாரங்கள் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்த 2020இல் நாட்டை விட்டே அபுதாபிக்குப் போய்விட்டார். 2022இல் அரசுத் தரப்பு விசாரணையை முடித்துக்கொண்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மன்னராக இருந்த காலத்தில் அவர் மேல் வழக்கே போட முடியாது என்று அரசமைப்பில் இருக்கிறது என்பது.

பிரிட்டனுக்கே வருவோம். நெருக்கடியில் மன்னர் காப்பாற்றுவார் என்ற வாதத்துக்கு அங்கே ஒரு சோதனை 2019இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரத்துக்கு மூடிவைக்கும்படி ராணிக்கு ஆலோசனை சொன்னார். ராணி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அரசியலில் தலையிட்டார் என்று ஆகியிருக்கும். செப்டம்பர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த ஆலோசனையே சட்டவிரோதம், நாடாளுமன்றம் மூடப்படவே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் யோசித்தேன். மன்னர் மறுத்தால் மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் அரசியல் செய்கிறார் என்று பொருள், மறுக்காவிட்டால் அந்தக் காவல் வெறும் பேச்சு. அன்றைக்குக் காவலாக நின்றது நீதிமன்றம்.

பெல்ஜியத்தில் இதையே வேறு விதமாகச் சமாளித்தார்கள். 1990இல் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் பொதுவேனின் மனசாட்சி இடம் தரவில்லை. அமைச்சரவை என்ன செய்தது தெரியுமா, மன்னர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று அறிவித்து, தானே சட்டத்தில் கையெழுத்திட்டது, மறுநாள் நாடாளுமன்றம் அவரைத் திரும்ப அரியணையில் அமர்த்திவிட்டது. ஒரு நாள் மன்னர் இல்லாமல் இருந்ததில் பெல்ஜியத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அப்புறம் பணம். எல்லா விவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் அலுவல்களுக்காக அரசு தரும் மானியம் 2024-25இல் 8.63 கோடி பவுண்டு, 2025-26இல் அது 13.21 கோடி பவுண்டாக ஏறியது. கிரவுன் எஸ்டேட் என்ற பெரிய நிலச் சொத்தின் லாபத்தில் ஒரு பங்காக இது கணக்கிடப்படுகிறது. கடலில் காற்றாலைகள் அமைக்கக் கொடுத்த உரிமங்களால் அந்த லாபம் நூறு கோடி பவுண்டைத் தாண்டியதால்தான் இந்த ஏற்றம், பக்கிங்ஹாம் அரண்மனையைப் பழுதுபார்க்கும் செலவும் இதில் சேரும். மன்னரின் சொத்தில் வரும் லாபத்தை அரசுக்குக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம்தானே வாங்கிக்கொள்கிறார் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். 1760இலிருந்து அந்த வருமானம் அரசு கஜானாவுக்குத்தான் போகிறது, அதை மன்னரால் விற்கவும் முடியாது, அது அரியணை என்ற பதவிக்கு உரிய சொத்து, இன்றைய மன்னர் சார்லஸ் என்ற மனிதருக்கு உரியதில்லை. சுற்றுலா வருகிறது என்பது இன்னொரு வாதம். மைசூர் அரண்மனையைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் எத்தனை பேர் உள்ளே ஆளும் மன்னர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்? ஆனாலும் பணத்தை வைத்து முடிவெடுப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன், குடியரசுத் தலைவர் வைத்தாலும் மாளிகையும் காவலும் செலவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ரகசியம். அரச குடும்பத்தின் நலன்களைத் தொடும் ஒரு மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றும் முன்பே மன்னரிடம் காட்டி இசைவு வாங்க வேண்டும் என்ற நடைமுறை பிரிட்டனில் இன்றும் இருக்கிறது. முன்பு சொன்ன ஒப்புதல் வேறு, இது வேறு. இளவரசராக இருந்தபோது சார்லஸ் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களை வெளியிடச் சொல்லி ஒரு பத்திரிகை பத்து வருஷம் வழக்காட வேண்டியிருந்தது, 2015இல்தான் அவை வெளிவந்தன. அதற்குள் சட்டத்தையே திருத்தி, மன்னரோடும் வாரிசோடும் நடக்கும் கடிதப் போக்குவரத்தைத் தகவல் அறியும் சட்டத்துக்கு முழுவதும் வெளியே வைத்துவிட்டார்கள். அதிகாரமே இல்லாத பதவி என்றால் இவ்வளவு பூட்டு எதற்கு?

இரண்டாவது, பிறப்பு. 2013இல் சட்டம் திருத்தும் வரை தம்பி பிறந்தால் அக்காவைத் தாண்டிப் போய்விடுவான். இப்போது அது மாறிவிட்டது, ஆனால் ஒரு கத்தோலிக்கர் இன்றும் அந்த அரியணையில் ஏற முடியாது. ஜப்பானில் பேரரசரின் ஒரே பிள்ளையான ஐகோ பெண் என்பதால் வாரிசு இல்லை. இந்த விதிகளை எவ்வளவு சீர்திருத்தினாலும் அடிப்படையில் ஒன்று மாறாது: நாட்டின் மிக உயர்ந்த பதவி ஒரு குடும்பத்துக்கு மட்டும், மற்ற எல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் அது கிடையாது. பிறப்பை வைத்து மேல் கீழ் பார்க்கும் வழக்கத்தோடு தலைமுறை தலைமுறையாகப் போராடிக்கொண்டிருக்கும் சமூகத்திலிருந்து வந்தவன் நான். எவ்வளவு அழகான கிரீடம் வைத்துக் காட்டினாலும் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் என் பதில், வேண்டாம் என்பதுதான். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை, அந்த நாற்காலியில் அடுத்து யாரை, எப்படி உட்கார வைப்பது என்பதுதான் நிஜமான கஷ்டம். இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். 1972 மே 22 வரை இலங்கையின் நாட்டுத் தலைவர் எலிசபெத் ராணிதான், அவருடைய தலைமை ஆளுநராக இருந்த வில்லியம் கோபல்லவ அன்று ஜனாதிபதியாக மாறினார். முடி போனது, கூடவே பழைய அரசமைப்பில் இருந்த 29ஆம் பிரிவும் போனது. ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று சொன்ன பிரிவு அது. புதிய அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தந்தது. 1978இல் இன்னொரு அரசமைப்பு வந்து, எந்தப் பிரிட்டிஷ் ராணியும் கனவிலும் காணாத அதிகாரத்தை ஒரே ஜனாதிபதியிடம் குவித்தது. அதற்காக முடியாட்சி இருந்தபோது தமிழர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது என்று சொல்ல முடியாது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனபோது 29ஆம் பிரிவு அங்கேதான் இருந்தது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோன வழக்கும் 1953இல் தோற்றுப்போனது.

ஆஸ்திரேலியா தடுக்கி விழுந்ததும் இதே இடத்தில்தான். 1999 நவம்பரில் ராணிக்குப் பதில் குடியரசுத் தலைவர் வைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வேண்டாம் முழுவதும் ராணிக்கான பாசம் என்று நினைத்தால் தவறு. முன்வைத்த திட்டத்தில் தலைவரை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும், நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்த குடியரசுவாதிகள் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

நேபாளத்தில் வேறு கதை. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார், அடுத்த வருஷம் மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2008 மே 28 அன்று 240 வருஷத்து ஷா வம்ச ஆட்சி முடிந்தது. நாராயண்ஹிட்டி அரண்மனை இப்போது அருங்காட்சியகம். ஆனால் அதற்கப்புறம் வந்த அரசுகள் நிலையாக நிற்காததால் வெறுத்துப்போய், 2025இல் காட்மாண்டுவில் மன்னரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஊர்வலம் போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அரசியல்வாதிகள் மேல் உள்ள கோபத்தைத் தேர்தலில் காட்டலாம், மன்னர் மேல் கோபம் வந்தால் எங்கே போய்க் காட்டுவது? தாய்லாந்தில் அப்படிக் காட்டினால், அரச குடும்பத்தை அவமதித்ததாக ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம் வரை சிறை.

பிரிட்டனுக்கு நான் சொல்லும் மாதிரி தூரத்தில் இல்லை, பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. அயர்லாந்தில் 1937 அரசமைப்பின்படி மக்கள் நேரடியாக ஏழு வருஷத்துக்கு ஒரு குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. அவர் ஆள்வதில்லை. ஆனால் ஒரு சட்டம் அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் வந்தால் கையெழுத்திடாமல் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பும் உரிமை அவருக்கு உண்டு, அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். பிரிட்டிஷ் மன்னரால் செய்ய முடியாத காவல் வேலையை அவரால் செய்ய முடிகிறது, ஏனென்றால் அந்த வேலைக்காக மக்கள் வாக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியாக நார்வே மன்னர் ஹாக்கோனைப் பற்றி விட்டுப்போன ஒரு பகுதி. 1905இல் நார்வே ஸ்வீடனிலிருந்து பிரிந்து, டென்மார்க் இளவரசரான இவரை மன்னராக வரச் சொல்லிக் கேட்டது. நாடாளுமன்றம் கூப்பிட்டது போதாது, நார்வே மக்களுக்கு மன்னர் வேண்டுமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள் என்று நிபந்தனை போட்டார். வாக்கெடுப்பு நடந்தது, கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் வாருங்கள் என்றார்கள், அப்புறம்தான் கப்பல் ஏறினார். 2022 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டன் புனித ஜேம்ஸ் அரண்மனையில் சார்லஸை மன்னராகப் பிரகடனம் செய்தபோது பிரிட்டன் மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அடுத்து வில்லியம், அவருக்கு அடுத்து 2013இல் பிறந்த ஜார்ஜ் என்று வரிசை இப்போதே தயாராக இருக்கிறது.